நிக்கோட்டின் சூயிங்கமும் பேட்ச்சும்: யாருக்கு எது பொருந்தும்?

புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு நம் மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைப்பது 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம், இதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை, 4 மி.கி. வகைக்குத் தேவை. கண்விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மி.கி.தான் பொருந்தும் என்பதால், சீட்டு வாங்கத் தயங்கி 2 மி.கி.யோடு நின்று, பலனில்லை என்று கைவிடுவோரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

புதினா மணத்தின் அடியில் மிளகுபோல ஒரு காரம் இதில் தெரியும். அது தெரிந்ததும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கிய பின்னரே மீண்டும் மெல்ல வேண்டும். ஏனெனில் நிக்கோட்டின் வாயின் உட்சவ்வு வழியாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது, உமிழ்நீரோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலுமே மிஞ்சும். காபி குடித்த பிறகு கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் (நம் ஊரில் இதுவே கடினமான நிபந்தனை).

தோலில் ஒட்டும் பேட்ச் நாள் முழுவதும் சீராக மருந்தளிக்கிறது. 21, 14, 7 மி.கி. எனப் படிப்படியாகக் குறைக்கலாம். ஒட்டிய இடத்தில் அரிப்பு வரலாம், உறக்கம் கெட்டால் இரவில் அகற்றிவிடலாம். பல்செட் அணிந்தவர்களுக்குச் சூயிங்கத்தைவிட இதுவே வசதி. ஆனால் திடீரென எழும் ஏக்கத்தைப் பேட்ச் மட்டும் தணிக்காது என்பதால், அதிகம் புகைத்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே பரிந்துரைப்பேன். ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இது கூடுதல் பலன் தருவதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு கண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது.