ஆறு குளிர்காலமும் ஒரு ரேடியேட்டரும்

பாஸ்டன் பக்கம் புதிதாகக் குடிவந்த நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "நீங்க போற அந்தப் பாட்டு அறைக்கு சீசன் கார்டு எடுக்கலாமா?" பதில் சொல்லத் தொடங்கினேன். கோபம் வந்துவிட்டது. சரி, எழுதியே அனுப்புகிறேன் என்றேன்.

அவருக்குத் தெரிந்த இடம்தான். சர்ச்சின் கீழ்த்தளம், எழுபது மடக்கு நாற்காலி, சனிக்கிழமை இரவு. டிக்கெட் கொடுப்பவர், காபி ஊற்றுபவர், நாற்காலி அடுக்குபவர் எல்லாரும் தன்னார்வலர்கள். 1958-ல் பக்கத்துக் கேம்பிரிட்ஜில் கிளப் 47 என்ற சின்ன இசை அரங்கு தொடங்கி, நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸ் இளம்பெண்ணாக அங்கே பாடிய காலத்திலிருந்து இந்த வட்டாரத்தில் ஊறிப்போன பழக்கம் இது. சின்ன அறை, ஒரு கிட்டார், பேசாமல் கேட்கிற கூட்டம்.

அந்த அமைதிக்காகத்தான் ஆறு வருஷமாகப் போகிறேன். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி சபா எழுந்து கேன்டீனுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே மைக்கே கிடையாது. கம்பியில் விரல் வழுக்கும் கீச்சுச் சத்தம் மூன்றாவது வரிசைக்குக் கேட்கும். பாஞ்சோ வாசிப்பவர் அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்க்கும்போதுகூட யாரும் இருமுவதில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த ரேடியேட்டர், அதாவது குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனம். நவம்பர் முதல் மார்ச் வரை, இடப்பக்கச் சுவரோரம், சுத்தியலால் அடித்ததுபோல 'டங் டங்' என்று. ஒரு முறை ஒரு பாட்டி பக்கவாத்தியம் இல்லாமல் பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றைப் பாடினார். பதினைந்து சரணம் இருக்கும். கதையில் அந்தப் பெண் இறக்கும் இடம் வந்தது. டங். அவர் கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அந்த வரியை முதலிலிருந்து பாடினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

நான் கேட்காத ஆள் இல்லை. கட்டடம் சர்ச்சுடையது என்று தன்னார்வலர்கள் சொல்வார்கள். அறையை நடத்துவது அவர்கள்தானே என்று சர்ச்சில் சொல்வார்கள். பொறுப்பாளர்கள் வருஷா வருஷம் மாறுவார்கள். புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து.

இந்த டிசம்பரில், நாற்காலி போட வருகிற ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர் ரசமட்டத்தை எடுத்து ரேடியேட்டர்மேல் வைத்தார். பழைய நீராவிச் சூடு அது, ஒற்றைக் குழாய். நீராவி ஏறும் குழாயிலேயே, குளிர்ந்த தண்ணீர் திரும்பி இறங்க வேண்டும். ரேடியேட்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்ததால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, அடுத்து வரும் நீராவி அதைத் தள்ளி இரும்பில் மோதவைத்திருக்கிறது. கடைசிக் காலுக்கு அடியில் இரண்டு மர ஆப்பு வைத்தார். அப்புறம் வால்வு. புழுங்குகிறதே என்று யாரோ நல்ல மனதோடு அதைப் பாதி மூடி வைப்பார்கள். ஒன்று முழுசாகத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுசாக மூடியிருக்க வேண்டும் என்றார். மொத்தம் பத்து நிமிஷ வேலை. அன்று இரவு முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். வசூலில் பெரும்பகுதி பாடுகிறவருக்கே போகிறது, கையில் காசு நிற்பதில்லை. வேலை முடிந்து களைத்து வந்து நாற்காலி தூக்குபவர்கள் அவர்கள். ஆனால் இதற்குக் காசே தேவைப்படவில்லையே! ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் போதும். அந்தப் பாட்டி இப்போது பாட வருவதில்லை.

அதனால் நண்பருக்குச் சொல்வது: சீசன் கார்டு எடுக்க வேண்டாம். நானும் இந்த வருஷம் புதுப்பிக்கவில்லை, மனசு வரவில்லை. வாசலில் இருபது டாலர் கொடுத்து உள்ளே போங்கள். இடப்பக்கம் மூன்றாவது வரிசை, ரேடியேட்டரை ஒட்டிய நாற்காலி. யாரும் உட்காராமல் பழகிப்போனதால் அது எப்போதும் காலியாக இருக்கும். அந்த அறையிலேயே நன்றாகக் கேட்கிற இடம் அதுதான். புழுங்கினால் கோட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள், வால்வைத் தொடாதீர்கள்.