டெயில்கேட்டை வெட்டி அடுப்பாக்கலாமா?

அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தாலே பசி எடுத்துவிடும். ஒரு பக்கம் ஹிக்கரிக் கட்டையின் புகை, இன்னொரு பக்கம் கேஸ் கிரில்லில் வெடித்து எண்ணெய் தெறிக்கும் சாஸேஜ். பிக்கப் வண்டிக்காரர்கள் பின்கதவை இறக்கி அதையே மேசையாக்கியிருப்பார்கள். அந்தக் கதவுதான் டெயில்கேட். இந்த விருந்துக்கு டெயில்கேட்டிங் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். மிசிசிப்பியில், ஓல் மிஸ் பல்கலைக்கழகத்தின் 'தி குரோவ்' தோப்புக்குள் வண்டியையே விடமாட்டார்கள். கூடாரத்துக்குள் சரவிளக்கைத் தொங்கவிட்டுச் சாப்பிடுகிறார்கள். கதவே இல்லாவிட்டாலும் அதற்கும் டெயில்கேட்டிங் என்றுதான் பெயர்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வெல்டர். பழைய சில்வராடோ பிக்கப் வைத்திருக்கிறார். மேசைதான் வண்டியிலேயே இருக்கிறதே, அடுப்பை மட்டும் ஏன் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், கதவுக்குள்ளேயே கிரில்லைப் பதித்துவிட்டால் என்ன என்று கேட்டார். நல்ல கேள்வி. இறக்கிய டெயில்கேட் தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரத்தில் நிற்கும். நம் சமையல் மேடையும் ஏறக்குறைய அதே உயரம்தான், குனியவே வேண்டாம். அதனால் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பதித்த கிரில்லா, டிரெய்லர் இழுக்கும் ஹிட்ச்சில் மாட்டும் கிரில்லா, கையில் தூக்கும் கிரில்லா, இல்லை வண்டியின் மின்சாரமா?

பதிப்பது என்றதும் முதலில் இடிப்பது தடிமன். டெயில்கேட்டின் தடிமன் பெரும்பாலும் இரண்டு, மூன்று அங்குலம்தான். அதற்குள் பர்னர், அதன்மேல் வெப்பத் தகடு, கம்பித் தட்டு, கீழே கொழுப்பு வடியும் தட்டு எல்லாம் அடங்கவேண்டும். அடங்காது. அப்படியானால் பெட்டியைக் கீழ்ப்பக்கம் புடைக்கவிட வேண்டும். கதவை மூடினால் அந்தப் புடைப்பு வண்டியின் முதுகில் கூன் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். உள்பக்கம் மேலே எழும்பவிட்டால், சாமான் ஏற்றும் நாளில் அதுவே முதல் இடைஞ்சல்.

தடிமனைக்கூடச் சமாளித்துவிடலாம். உண்மையான வில்லன் கதவின் கீல். சமைக்கும்போது படுத்திருக்கும் டெயில்கேட், வீட்டுக்குக் கிளம்பும்போது எழுந்து நிற்கும். அடுப்பு அப்படியே 90 டிகிரி திரும்பும் என்று அர்த்தம். தட்டில் தேங்கிய கொழுப்பு எங்கே போகும்? கரி அடுப்பென்றால் சாம்பல் எங்கே போகும்? ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு, வழித்து, துடைத்த பிறகுதான் கதவை மூட முடியும். கரிச் சாம்பல் உள்ளே ஒரு நாள் முழுக்கக்கூடக் கனன்றுகொண்டிருக்கும் என்பதால் அந்த யோசனையை அன்றைக்கே கைவிட்டோம். இணையத்தில் அழகான படம் போடுகிறவர்கள் யாரும் கதவை மூடிய பிறகு படம் எடுப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

அப்புறம் வெட்டப்போகும் தகடு என்ன தகடு என்று பார்க்க வேண்டும். ஃபோர்டு எஃப்-150 வண்டியின் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்று தைரியம் சொல்வார்கள். ஆனால் பதம் ஏற்றிய கலவை 200 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து கிடந்தாலே வலு இழக்கும், கிரில்லுக்கு அது சாதாரணச் சூடு. பழைய சில்வராடோவின் எஃகுத் தகடு தாங்கும், பெயின்ட்தான் கொப்பளித்துத் துருவுக்கு வழிவிடும். எந்தத் தகடானாலும் அடுப்புப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி கட்டாயம் வேண்டும். தடிமன் போதாத கதவில் அந்த இடைவெளியும் ஒரு பங்கு கேட்கிறது.

புது வண்டியில் இதைவிடப் பெரிய தலைவலி உண்டு. 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் விற்கும் புது வண்டிகளில் பின்பக்கக் கேமரா கட்டாயம். பிக்கப்பில் அது பெரும்பாலும் டெயில்கேட் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும், வயர் கதவுக்குள்ளேதான் ஓடும். ஜிஎம்சி சியராவில் வரும், ஆறு விதமாக மடியும் கதவையெல்லாம் வெட்ட நினைப்பதே பாவம்.

சரி, ஹிட்ச் கிரில்லுக்கு வருவோம். டிரெய்லர் இழுப்பதற்காக வண்டிக்குப் பின்னால் இரண்டு அங்குலச் சதுரக் குழாய் இருக்குமே, அதில் ஓர் இரும்புக் கையைச் செருகி, அதன் நுனியில் கிரில்லை உட்கார வைப்பது. கை பக்கவாட்டில் சுழலும். கிரில்லை ஓரமாகத் தள்ளிவிட்டு டெயில்கேட்டை இறக்கினால் அது வெட்டும் மேசை, பக்கத்தில் அடுப்பு. என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட வசதி எல்லாம் கதவில் ஓர் ஓட்டைகூடப் போடாமல் கிடைத்துவிடுகிறது. அடுப்பு எப்போதும் நிமிர்ந்தே இருப்பதால் கொழுப்பும் கொட்டாது. கதவில் பதித்தால் சொட்டுவது பம்பர்மேல் இருக்கும் பிளாஸ்டிக் மிதிபட்டையிலும் விழலாம், அந்தத் தொல்லையும் இல்லை. செலவும் சில நூறு டாலரோடு முடியும்.

குறை இல்லாமலில்லை. குழாய்க்கும் கைக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளியில் வழியெல்லாம் கடகடவென்று ஆடும், இறுக்கும் கவ்வி ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும். கேமராவில் கிரில்லின் முதுகு மட்டும் தெரியும். நம்பர் பிளேட் மறைந்தால் போலீஸ் நிறுத்தலாம். அன்றைக்கு டிரெய்லர் இழுக்கவும் முடியாது. இதெல்லாம் அந்த ஒரு நாளோடு முடிகிற குறைகள், திங்கட்கிழமை கழற்றி வைத்துவிட்டால் வண்டி பழையபடி வண்டி. கதவில் போட்ட ஓட்டை திங்கட்கிழமையும் இருக்கும்.

கையில் தூக்கிப்போவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1952இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையில் செய்த உலோக மிதவையைப் பாதியாக வெட்டி உருவாக்கிய வெபர் கெட்டில், இன்னும் அதே உருண்டை வடிவத்தில் விற்கிறது. சின்னதாக ஒன்றை வாங்கித் தரையில் வைத்தால் வேலை முடிந்தது. டெயில்கேட்மேல் மட்டும் வைக்காதீர்கள். நான் ஒரு முறை, கால்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் சின்னக் கரி அடுப்பை அப்படியே வைத்தேன். கதவின் விளிம்பில் இருந்த பிளாஸ்டிக் பட்டை இளகிக் குழிந்து, இன்றைக்கும் பார்க்கிறவர்கள் எல்லாம் காரணம் கேட்கிறார்கள்.

மின்சாரம் புது ஆள். 2021 எஃப்-150 ஹைப்ரிட் வண்டியில் 7.2 கிலோவாட் வரை எடுக்கலாம். 1,500 வாட் மின்சார கிரில் அதற்குக் கொசுக்கடி. ரிவியன் ஆர்1டி வண்டிக்கு, பக்கவாட்டுப் பொந்திலிருந்து இழுத்தால் வெளியே வரும் இண்டக்ஷன் சமையலறையே 5,000 டாலருக்கு அறிவித்தார்கள். வண்டியிலேயே அடுப்பைப் பதிப்பது என்ற ஆசைக்கு ஒரு கம்பெனி கொடுத்த முழு வடிவம் அதுதான். அவர்கள்கூடப் பின்கதவைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெருப்புக்குத் தடை உள்ள இடங்களில் மின்சாரமே கதி. முட்டையும் பான்கேக்கும் அருமையாக வரும். ஆனால் கான்சாஸ் சிட்டியில் புகை வாசனை இல்லாத இறைச்சியை நீட்டினால் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்க முடியாது.

கேஸ் என்று முடிவெடுத்தால், எங்கே மாட்டினாலும் இரண்டு விஷயம் உண்டு. புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, வண்டியில் சாமான் ஏற்றும் தொட்டியின் அடியில் தேங்கும். தொட்டிமேல் மூடி போட்ட வண்டியில் பதித்த கிரில்லின் குழாய் உள்ளே ஓடுவதை நினைத்தாலே எனக்கு உதறல். இன்னொன்று குளிர். 2024 ஜனவரி 13 அன்று ஆரோஹெட்டில் டால்ஃபின்ஸ் அணியோடு நடந்த ஆட்டம் தொடங்கியபோது வெப்பநிலை மைனஸ் 20 செல்சியஸ். புரொபேன் மைனஸ் 42 வரை ஆவியாகும் என்பது உண்மைதான். ஆனால் மைனஸ் 20இல் சிலிண்டருக்குள் அழுத்தம் சாதாரண நாளில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. போதாக்குறைக்கு, ஆவியாக ஆவியாகச் சிலிண்டரும் குளிரும். ஒரு பவுண்டு பச்சைச் சிலிண்டரில் சுமார் 21,500 பி.டி.யு. வெப்பம் இருக்கும், நடுத்தர கிரில்லுக்கு ஒரு மணி நேரம் வரும். அந்தக் குளிரில் அதுகூட முழுதாக எரியாமல் மூச்சுவாங்கும். 20 பவுண்டு சிலிண்டர் தேவைப்படும், அதைக் கதவுக்குள் ஒளிக்க முடியாது.

எனவே என் ஓட்டு ஹிட்ச் கிரில்லுக்கு. ரிப்ஸ், பிரிஸ்கெட் மாதிரி பல மணி நேரம் வேகும் இறைச்சிச் சமாச்சாரம் இவற்றில் சுலபமாக நடக்காது. அதற்குப் புகையில் வேகவைக்கும் தனி ஸ்மோக்கர் வேண்டும், அல்லது முந்தின இரவே வீட்டில் முடித்துக்கொண்டு வந்து சூடுபடுத்தலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய வண்டி உடைக்கும் ஜங்க்யார்டுக்குப் போனார். பிக்கப் டெயில்கேட்டைப் பாதி இறக்கிய நிலையில் கம்பிகளைக் கழற்றினால் கையோடு தூக்கி எடுத்துவிடலாம், வெல்டருக்கு அது தெரியாதா? தன் வண்டிக்குப் பொருந்தும் சிவப்புக் கதவு ஒன்றை வாங்கி வந்து, அதை வெட்டி, கூன் விழுந்தாலும் பரவாயில்லை என்று பெட்டி பதித்தார். ஆட்டம் இருக்கும் நாளில் மட்டும் வெள்ளை வண்டிக்குச் சிவப்புக் கதவு. வெட்டியே தீருவேன் என்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே வழியும் இதுதான், வண்டியோடு வந்த கதவில் கை வைக்காதீர்கள். நான்கு ஆட்டம் அப்படிப் போனது. ஐந்தாவது ஆட்டத்துக்குக் கொழுப்பைத் துடைக்க மறந்து கதவை மூடிவிட்டார். இப்போது அந்தச் சிவப்புக் கதவுக்கு நான்கு இரும்புக் கால் வெல்டிங் வைத்து வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருக்கிறார். பர்கர் அதில் பிரமாதமாக வருகிறது.