ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம்: போகலாமா, வேண்டாமா?

போன மாதம் ஆபீசில் எங்களில் பத்துப் பேரை ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு அழைத்துப் போய் இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுத்தார்கள். ஏசி ஹால், கலர் கலராக ஒட்டுச்சீட்டு, வேகாத ஸ்பகெட்டிக் குச்சியைக் கையில் கொடுத்து யார் உயரமாகக் கோபுரம் கட்டுகிறீர்கள் என்று ஒரு போட்டி. மதியம் பிரியாணி நன்றாக இருந்தது. அதைத் தவிர வேறெதுவும் இப்போது ஞாபகத்தில் இல்லை. தலைக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று எச்.ஆரில் இருக்கும் தோழி காதோடு காதாகச் சொன்னபோது, 2010 பிப்ரவரியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் தங்கிக் கற்றுக்கொண்டதற்கு நான் கொடுத்த விலையை நினைத்துப் பார்த்தேன். ஒரு ஜமுக்காளம், ஒரு எவர்சில்வர் தட்டு, அப்பாவிடம் மூன்று நாள் கெஞ்சல்.

என் சித்தி மகள் இந்த வருடம் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். "அக்கா, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. இதுல ஏதாவது ஒண்ணு எடுத்தே ஆகணுமாம், எது ஈஸி?" என்று கேட்டாள். என்.சி.சி. என்பது தேசிய மாணவர் படை, ஒய்.ஆர்.சி. என்பது இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஈஸி என்று பார்த்தால் என்.எஸ்.எஸ்.தான். என்.சி.சி. மாதிரி வெயிலில் டிரில் கிடையாது, பூட்ஸ் பாலிஷ் கிடையாது. ராணுவத்துக்கோ போலீசுக்கோ போகும் எண்ணம் இருந்தால் யோசிக்காமல் என்.சி.சி.க்குப் போங்கள், அந்த சி சர்ட்டிபிகேட்டுக்கு அங்கே மதிப்பு உண்டு. என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டம், 1969 செப்டம்பர் 24 அன்று காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர்களோடு ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வேலை, ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம், முடித்தால் சான்றிதழ். சட்டையில் குத்தும் பேட்ஜில் இருப்பது கொனார்க் சூரியக் கோவில் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் எட்டு சாமத்தைக் குறிக்கும், இருபத்துநாலு மணி நேரமும் தயாராக இருக்க வேண்டுமாம். எங்களில் பாதிப் பேர் காலை ஐந்தரை மணிக்கே தயாராக இல்லை, அது வேறு கதை.

வாராவாரம் செய்யும் வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரி வளாகத்தைப் பெருக்குவோம், பேரணிக்குப் போவோம், ரத்ததான முகாமில் பிஸ்கட் கொடுப்போம். விஷயம் முழுக்க அந்த ஏழு நாள் முகாமில்தான்.

நாங்கள் ஐம்பது பேர், பதினெட்டுப் பேர் பெண்கள். கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊர், தங்கியது அரசுப் பள்ளியில். முதல் நாள் தொடக்க விழா. மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவரும் இளைஞர் சக்தி பற்றிப் பேச்சு, இரண்டு மணி நேரம் அப்படியே போனது. முகாமுக்கு வரும் தொகை சாப்பாட்டுக்கே இழுபறி, அதில் சால்வைக்கு எவ்வளவு போனது என்று கணக்கு நோட்டு கையில் இருந்த எனக்குத் தெரியும். அப்போதே வயிறு எரிந்தது.

கணக்கு நோட்டு என் கைக்கு எப்படி வந்தது என்றால், பையன்கள் மைக்கையும் பேனரையும் எடுத்துக்கொண்டார்கள், "நீங்க சாப்பாட்டைப் பார்த்துக்கங்க" என்று எங்களிடம் தள்ளிவிட்டார்கள். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை, தானாகவே அப்படி ஆனது. வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து அண்டா, தேக்சா, வடிதட்டு, ஆளுயரக் கரண்டி எல்லாம் மினி லாரியில் வந்து இறங்க, நான் வீட்டில் ஆறு பேருக்கு எவ்வளவு போடுவோம் என்று கணக்குப் போட்டு அதைப் பெருக்கி ஐந்து கிலோ அரிசியை உலையில் போட்டேன். முப்பதாவது ஆளோடு அண்டாவின் அடி தெரிந்தது. இருபது பேர் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். மம்பட்டி பிடித்துக் கை கொப்பளித்த பசி வேறு. அந்த வரிசையை நிமிர்ந்து பார்த்து "தப்பு என்னோடது, அரை மணி நேரம் குடுங்க, உப்புமா வருது" என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்கு முன் ஐம்பது பேர் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசிய முதல் வாக்கியமே தப்பு என்னோடது என்பதுதான்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கு எதிர்வீட்டு அக்கா ஒருவர், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர், வந்து சொல்லிக்கொடுத்தார். "வீட்டுக் கணக்கு இங்க ஆகாது. வேலை செஞ்சுட்டு வர்ற பயலுகளுக்கு கிலோவுக்கு ஆறு பேருன்னு வச்சுக்க." மறுநாள் எட்டரைக் கிலோ. சரியாக வந்தது. இன்றைக்கும் வீட்டு விசேஷம் என்றால் அரிசிக் கணக்கு என்னிடம்தான் கேட்பார்கள்.

இரண்டாம் நாள் நடந்ததுதான் இந்த முகாமிலேயே எனக்கு முக்கியம். திட்டப்படி வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை, தூர்வார வேண்டும். காலை ஏழு மணிக்கு மம்பட்டி, கடப்பாரை, இரும்புச்சட்டியோடு கோஷம் போட்டுக்கொண்டு போய் இறங்கினோம். ஒரு மணி நேரம் வெட்டியிருப்போம், கரைமேல் ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் சிரித்தேன். ஒரு அப்பத்தா மட்டும் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று, கோபமே இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். "ஏந்தாயி, இந்தக் காலைத்தான எங்களுக்கு அடுத்த வாரம் நூறு நாள் வேலைல விடுறதாச் சொன்னாக. நீங்க சும்மா வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டா எங்களுக்கு எதுல சம்பளம்?"

யாரிடமும் பதில் இல்லை. நாங்கள் இலவசமாகச் செய்யும் சேவை அவர்களுடைய ஒரு வாரக் கூலி. ஊரில் பெரியவர்கள் நாலு பேரைக் கேட்டுத்தான் திட்டம் போட்டிருந்தார்கள், ஆனால் அந்தக் காலில் இறங்கி வேலை செய்கிறவர்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் திட்ட அலுவலரை, பி.ஓ. சார் என்போம், இங்கே பாராட்டியே ஆக வேண்டும். அட்டவணையைக் காட்டிப் பிடிவாதம் பிடிக்காமல், மம்பட்டியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். "சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க? போய் அவங்களையே கேளுங்க."

போய்க் கேட்டோம். புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேட்டதில் வந்தது வேறு பட்டியல். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத ஆள் இல்லை, எழுதித் தருகிறவர் காசு கேட்கிறார். வேலை அட்டையில் பெயர் தப்பாக இருக்கிறது. பள்ளிக்குப் பின்னால் கருவை மண்டி, பிள்ளைகள் ஒதுங்கப் போகும் வழியில் முள். அப்புறம் என்ன, அட்டவணை மாறியது. கையெழுத்து நன்றாக இருந்த பத்துப் பேர் மனு எழுத உட்கார்ந்தோம், மூன்று நாளில் நாற்பதுக்கு மேல் எழுதினோம். மற்றவர்கள் கருவை வெட்டினார்கள், அதாவது முதல் நாள் மேலோடு வெட்டினார்கள். ஊர்க்காரர் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, வேரைத் தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு இதைவிடப் பெரிதாகத் துளிர்த்து நிற்கும் என்றார். மறுபடி முதலிலிருந்து. செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிய முள்ளின் எண்ணிக்கையை நோட்டில் குறித்து வைத்த ஒரு நண்பன் இருந்தான், கடைசி நாளில் பதினாறு.

மூன்றாம் நாள் இரவுக் கூட்டம். அன்றைக்கு என்ன சரியாக நடந்தது, என்ன நடக்கவில்லை என்று வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். என்னைக் கேட்டால் இந்த முகாமின் சிறந்த ஐட்டம் இதுதான், எந்த நட்சத்திர ஓட்டலிலும் கிடைக்காது. நான் எழுந்து, சமையலும் பாத்திரம் கழுவுவதும் எங்களுக்கு மட்டும்தானா என்று கேட்டேன். குரல் நடுங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருவன் "உங்களுக்குத்தான் நல்லா வரும்" என்றான். "அஞ்சு கிலோ போட்டு இருபது பேரைப் பட்டினி போட்டவ நான்" என்றேன், எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அதோடு விஷயம் முடிந்தது. மறுநாளிலிருந்து நாங்கள் பிரிந்திருந்த ஐந்து குழுவும் முறை வைத்துச் சமைத்தன. பையன்கள் சுட்ட சப்பாத்தியைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன், ஆனால் பாத்திரம் நன்றாகத்தான் தேய்த்தார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி. ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நடந்து வழிகாட்ட, தெருத்தெருவாகப் போய்த் திரும்பினோம். இரவு கூட்டத்தில், ஏழு நாளும் அதிகம் பேசாத ஒரு வகுப்புத் தோழி கேட்டாள். "காலனித் தெருவுக்கு ஏன் போகல?" யாருக்கும் அது உறைக்கவே இல்லை, காட்டிய வழியில் கால் போய்விட்டது. மறுநாள் அவளே முன்னால் நடந்தாள், அந்தத் தெருவிலிருந்துதான் பேரணி கிளம்பியது. வழிகாட்டியவர் அன்று வரவில்லை. அதிலிருந்து இரண்டு நாள் பால் கொஞ்சம் தாமதமாக வந்தது. பி.ஓ. சார் இந்த விஷயத்தில் பேசாமல் நழுவினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மேலே பாராட்டிவிட்டு இதை மறைத்தால் நன்றாக இருக்காது.

குறைகள் என்று பார்த்தால், முதலில் டைரி. 240 மணி நேரத்தை எழுதிக் காட்ட வேண்டும் என்பதால் இரண்டாம் ஆண்டு கடைசி மாதத்தில் ஹாஸ்டலில் உட்கார்ந்து "மரக்கன்று நடுதல், 4 மணி நேரம்" என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எங்கள் கல்லூரியில் அதை யாரும் தட்டிக் கேட்கவில்லை. நட்ட கன்றுகளும் அப்படித்தான், போட்டோ எடுத்த பிறகு தண்ணீர் ஊற்ற ஆளில்லை. மதியச் சிறப்புரைகள் முக்கால்வாசி வீண், காலை முழுக்க மண் வெட்டியவனை இரண்டு மணிக்கு உட்காரவைத்து ஆளுமை வளர்ச்சி பற்றிப் பேசினால் தூங்காமல் என்ன செய்வான்? பெண்களுக்கான ஏற்பாடும் மோசம். பதினெட்டுப் பேருக்கு இரண்டு கழிப்பறை, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, துப்பட்டாவைக் கட்டி வைத்துச் சமாளித்தோம்.

இதனால் பிறகு என்ன பயன் என்று சித்தி மகள் கேட்டாள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் சென்னையில் இருந்தேன். எங்கள் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிவாரணப் பொருள் சேர்த்தார்கள். எல்லாரும் நல்ல மனசோடு பழைய துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்ட, மண்டபத்தில் நடக்க இடமில்லை. ஒரு பெண்ணோடு பக்கத்துக் குடிசைப் பகுதிக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்டுவந்தேன். பாய், கொசுவத்தி, நாப்கின், குடிதண்ணீர். திரும்பி வந்து வாசலில் ஒரு அட்டையில் "துணி வேண்டாம்" என்று எழுதி மாட்டினேன். மூட்டையோடு வந்தவர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று நின்றேன், புளியமரத்தடியில் உட்காராத ஒருத்தியாக இருந்திருந்தால் அட்டையைக் கழற்றியிருப்பேன்.

ரேட்டிங் கேட்டால், திட்டத்துக்கு ஐந்துக்கு நாலு, எங்கள் கல்லூரி நடத்திய விதத்துக்கு இரண்டரை. உங்கள் கல்லூரியில் எப்படி என்பதை அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. போன வருடம் போய்வந்த சீனியரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இரவுக் கூட்டம் உண்டா, அந்த ஊருக்கு முகாம் முடிந்த பிறகு மறுபடி எப்போதாவது போனீர்களா? இரண்டுக்கும் முழித்தால் ஒய்.ஆர்.சி.யில் சேர்ந்துவிடுங்கள், நேரமாவது மிச்சம்.

போவதென்றால் சில பொருள்கள். கெட்டியான அடி வைத்த செருப்பு, டார்ச், சின்னப் பூட்டு, தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கட்ட ஒரு முழக் கயிறு. முள்ளெடுக்க ஊசி. மைக் கேட்டுச் சண்டை போட வேண்டாம், கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஊரில் எல்லாருடனும் பேசவேண்டி வரும். பாத்திரம் வாடகைக்கு எடுத்தால் இறக்கும்போதே கடைக்காரர் எதிரில் மூடிகளையும் சேர்த்து எண்ணிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாங்கள் அண்டாக்களை மட்டும்தான் எண்ணினோம், இரண்டு மூடிக்கும் ஒரு ஜல்லிக்கரண்டிக்கும் என் கைக்காசுதான் போனது.