டோ ரோப் நல்லா இருக்கு, ஆனா ஜிஎஸ்டி ரோடு மாதிரி ஹைவேல கட்டாதீங்க

ஆன்லைன்ல அறுநூத்தி சொச்சம் ரூபாய்க்கு இந்த டோ ரோப் (நின்னுபோன வண்டிய இன்னொரு வண்டில கட்டி இழுக்கற கயிறு) வாங்கினேன். ஆரஞ்சு கலர் பட்டை, 4 மீட்டர் நீளம், ரெண்டு முனையிலயும் இரும்பு ஹூக்கு, மேல பெருசா 5 டன்னு அச்சடிச்சிருக்கான். யூஸ் பண்ணிப் பாத்துட்டுதான் எழுதறேன். கீழ ரிவ்யூ போட்டிருக்கவங்கள்ல நெறைய பேரு ஹைவேல கட்டி இழுத்துட்டு வந்தேன், சூப்பர், அஞ்சு ஸ்டார்னு போட்டிருக்காங்க, படிக்கும்போதே பகீர்னு இருந்துச்சு, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுத வேண்டியதா போச்சு.

மொதல்ல பொருளப் பத்தி. பட்டை நல்ல தடிப்பு, ஹூக்கு சேர்ற எடத்துல தையல் நெருக்கமா போட்டிருக்கான், நடுவுல ஓடற ரிஃப்ளெக்டர் கோடு லைட் பட்டா மின்னுது. ஹூக்கு வாய மூடற லாட்ச் ஒண்ணு டைட்டா இருக்கு, இன்னொண்ணு லொடலொடன்னு ஆடுது. இத சும்மா விடக்கூடாது, கயிறு தளர்ந்து திரும்ப இறுகும்போது லாட்ச் சரியில்லன்னா ஹூக்கு கழண்டு வந்துடும். அப்புறம் அந்த 5 டன். அது அறுந்து போற லோடா இல்ல பத்திரமா இழுக்கற லோடான்னு கவர்லயும் போடல, உள்ள வச்சிருந்த பேப்பர்லயும் போடல. காரு ஒரு டன்தானே, 5 டன் கயிறு தாராளமா தாங்கும்னு கணக்கு போடாதீங்க. நின்னுட்டிருக்க வண்டிய முன்னாடி வண்டி வெடுக்குன்னு இழுக்கும்போது கயித்துல விழற லோடு வண்டி வெயிட்ட விட எங்கயோ போயிடும். அந்த நேரத்துல அறுந்துச்சுன்னா இரும்பு ஹூக்கு நேரா கண்ணாடிக்குதான் பறந்து வரும்.

எங்க லேஅவுட்ல மழை பேஞ்சு பக்கத்து வீட்டு சாரோட காரு காலி மனை சேத்துல எறங்கிடுச்சு. அங்க இந்தக் கயிறு அருமையா வேலை செஞ்சுது. டூல் கிட்ல இருக்க டோ ஹூக்க பம்பர் மூடிய எடுத்துட்டு உள்ள முழுசா திருகி, கயித்த மாட்டி, நடுவுல ஒரு நனைஞ்ச சாக்க போட்டுவிட்டு (அறுந்தா கயிறு எகிறறத கொஞ்சம் கொறைக்கும்), யாரையும் பக்கத்துல நிக்கவிடாம மெதுவா இழுத்தோம், வந்துடுச்சு. அந்த மாதிரி வேலைக்கு யோசிக்காம வாங்கலாம்.

ஆனா ட்ராஃபிக் இருக்க ரோடு வேற கதை. போன மாசம் மச்சானோட காரு ஊரப்பாக்கம் தாண்டி சென்னை ஜிஎஸ்டி ரோட்டுல நின்னுடுச்சு, பெல்ட் அறுந்து டெம்பரேச்சர் ஏறிடுச்சு. சாயங்காலம் ஏழு மணி, கிளாம்பாக்கத்துக்கு போற பஸ்ஸு, ஆஃபீஸ் விட்டு வர்ற பைக்கு, கண்டெய்னர் லாரின்னு ரோடு ரொம்பி வழியுது. நான் என் வண்டிய எடுத்துட்டு போனதும் "மாமா, உங்ககிட்டதான் கயிறு இருக்கே, கட்டி மெதுவா இழுத்துட்டு போயிடலாம் மாமா"ன்னான். நான் கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன்னு அவனுக்கு சொன்னத இங்கயும் சொல்றேன்.

இன்ஜின் ஓடலன்னா பிரேக்க லேசா மிதிச்சாலே பிடிக்க வைக்கற பூஸ்டர் வேலை செய்யாது. ரெண்டு மூணு தடவை மிதிச்சா பூஸ்டர் உள்ள மிச்சம் இருக்க வேக்குவம் தீந்துடும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், ரெண்டு கால வச்சு அழுத்தினாலும் வண்டி சீக்கிரம் நிக்காது. பவர் ஸ்டியரிங்கும் இருக்காது, வளைக்கறதுக்குள்ள கை வலி எடுத்துடும். கயிறு கட்டி இழுக்கும்போது முன்னாடி வண்டி பிரேக் போட்டா பின்னாடி வண்டிய நிறுத்த வேண்டியது பின்னாடி ஒக்காந்திருக்கவர்தான், கயிறு தொய்யாம பாத்துக்கறதும் அவர் பிரேக்குதான். அதாவது எந்த வண்டிக்கு பிரேக் சரியா பிடிக்காதோ அத நம்பித்தான் மொத்த வேலையும் நடக்குது. கணக்கு போட்டு பாருங்க, மணிக்கு 25 கிலோமீட்டர்ல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர். கயிறே 4 மீட்டர்தான். முன்னாடி ஒரு ஆட்டோ சடார்னு கட் பண்ணினா யோசிக்கறதுக்கே நேரம் கிடையாது.

இத விட எனக்கு பெரிய பயம் பைக்குக்காரங்க. நம்ம ரோட்டுல ரெண்டு காருக்கு நடுவுல நாலு மீட்டர் சந்து இருந்தா அதுல ஒருத்தர் பூந்துதான் ஆகணும், யூ டர்ன் கிட்ட குறுக்கால நடக்கறவங்களும் அதுலதான் வருவாங்க. இருட்டுல ஹெட்லைட்டுக்கு கீழ முட்டி உயரத்துல ஒரு கயிறு ஓடுதுன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? ரெண்டு கார்லயும் இருக்கவங்க எல்லாம் சரியா செஞ்சாலும், சம்பந்தமே இல்லாத ஒரு ஆளு வீட்டுக்கு போற வழியில அதுல மாட்டி விழுவாரு. கயித்துல கட்டறதுக்கு ஒரு சின்ன சிவப்பு கொடி குடுத்திருக்கான், பகல்ல ஓகே, ராத்திரி அது ஒண்ணுக்கும் ஆகாது.

ரூல்ஸும் இருக்கு, நெறைய பேருக்கு தெரியல. ரெண்டு வண்டிக்கும் நடுவுல இடைவெளி 5 மீட்டர தாண்டக்கூடாது, கயிறு மத்தவங்க கண்ணுக்கு தெளிவா தெரியணும், இழுபடற வண்டி ஸ்டியரிங்ல லைசென்ஸ் இருக்கவர்தான் ஒக்காரணும், பின்னாடி வெள்ளை போர்டுல கறுப்பு எழுத்துல குறைஞ்சது 75 மில்லிமீட்டர் உயரத்துக்கு "ON TOW"ன்னு எழுதி மாட்டணும். அந்த போர்டு மாட்டின காரு ஒண்ணாவது பாத்திருக்கீங்களா? இந்த கிட்லயும் போர்டு இல்ல. வைக்க கம்பெனிக்கு பத்து ரூபாகூட ஆகாது. இன்னொண்ணு, ஹசார்ட் லைட் போட்டுட்டா நெறைய வண்டில இண்டிகேட்டர் போட முடியாது, அதனால பின்னாடி வர்றவனுக்கு நீங்க எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னே தெரியாது.

மச்சானோடது ஆட்டோமேட்டிக் வேற. நியூட்ரல்ல போட்டு இழுத்தாலும் இன்ஜின் ஓடலன்னா கியர்பாக்ஸ் உள்ள ஆயில் பம்ப் சுத்தாது, சக்கரம் மட்டும் சுத்தி உள்ள காஞ்சு தேஞ்சுடும், பெல்ட் செலவோட போக வேண்டியது கியர்பாக்ஸ் செலவாயிடும். எலக்ட்ரிக் காரு, நாலு சக்கரமும் இழுக்கற வண்டி இதுக்கெல்லாம் ஃப்ளாட்பெட் (வண்டிய மொத்தமா மேல ஏத்திட்டு போற லாரி) தவிர வேற வழியே யோசிக்காதீங்க.

அதனால வண்டிய ஓரமா தள்ளி, சிவப்பு எச்சரிக்கை ட்ரையாங்கிள பின்னாடி நல்லா தள்ளி வச்சுட்டு, எல்லாரையும் எறக்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சுட்டு பக்கத்துல இருக்க ஒரு ஃப்ளாட்பெட்காரருக்கு ஃபோன் போட்டோம். மூவாயிரத்து ஐநூறு கேட்டாரு, முக்கால் மணி நேரத்துல வந்துட்டாரு. ஃபோன்ல அவர் கேட்ட மொத கேள்வியே "ஆட்டோமேட்டிக்கா மேனுவலாங்க?"ன்னுதான், அப்பவே நம்பிக்கை வந்துடுச்சு. பெட்ட சாய்ச்சு, வின்ச் கேபிள டோ ஹூக்குல மாட்டி மெதுவா ஏத்தி, மேல ஏறினதும் ஹேண்ட்பிரேக் போட வச்சு, நாலு சக்கரத்துக்கும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டி ஒவ்வொண்ணையும் கையால ஆட்டிப் பாத்தாரு. காசு ஜாஸ்திதான்னு மச்சான் மொணகினான், எனக்கு அப்படி தோணல.

காசு இல்லன்னா கூட வழி இருக்கு. நேஷனல் ஹைவேல நின்னா 1033க்கு அடிங்க, ரோந்து வண்டி, கிரேன் அனுப்புவாங்க. இன்சூரன்ஸ்ல ரோட்சைட் அசிஸ்டன்ஸ் (வண்டி வழியில நின்னா வந்து உதவற சர்வீஸ்) போட்டிருக்கீங்களான்னு இன்னைக்கே பாலிசிய எடுத்துப் பாருங்க, நெறைய பேரு காசு கட்டிட்டு அது இருக்கறதே தெரியாம கயிறு தேடுறாங்க.

என் ரேட்டிங், சேத்துல இருந்து இழுக்க, அபார்ட்மெண்ட் உள்ள நகர்த்த 5க்கு 4, ஒரு ஸ்டார் லாட்சுக்காக கொறச்சிருக்கேன். மெயின் ரோட்டுக்கு ஸ்டாரே கிடையாது. வாங்கறவங்க பார்சல் வந்ததும் ரெண்டு லாட்சையும் விரலால அமுக்கி விட்டுப் பாருங்க, தானா மூடலன்னா உடனே ரிட்டர்ன் போட்டுடுங்க.