ஏலியன்: ஐசொலேஷன், பல வருஷமா விளையாடுறவனோட அனுபவம்

2014 அக்டோபர்ல ரிலீஸ் ஆன திகில் வீடியோ கேம். நான் அப்புறமா செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கா ப்ளேஸ்டேஷன் 4க்கு (பிஎஸ் 4) வாங்குனேன். மொத தடவ கேம்ல வர்ற ஆஸ்பத்திரி பகுதி வரைக்கும் போயிட்டு அதுக்கு மேல முடியாம டிஸ்க்க எடுத்து உறையில போட்டதுதான், நாலு மாசம் தொடவே இல்ல. பிறகு மழக்காலத்துல லீவு கிடைச்சப்ப திரும்ப எடுத்து மீடியம்ங்கிற கஷ்ட அளவுல முடிச்சேன், அடுத்த வருஷம் ஹார்ட்ல முடிச்சேன், இப்ப இருக்கிறதுலயே கஷ்டமான நைட்மேர் ஆரம்பிச்சிருக்கேன். இவ்வளவு நாள் ஒரு கேமோட இருந்துட்டு எழுதுறேன், நிறையும் சொல்றேன், கடுப்பானதையும் சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு: 1979ல வந்த ஏலியன் படத்துல எலன் ரிப்ளி இருக்காங்கல்ல, அவங்க பொண்ணு அமாண்டாதான் நம்ம கேரக்டர். அம்மா காணாமப் போயி 15 வருஷம் ஆச்சு, அவங்க போன கப்பலோட ஃப்ளைட் ரெக்கார்டர் செவஸ்தபோல்ங்கிற ஸ்பேஸ் ஸ்டேஷன்ல இருக்குன்னு தகவல் வருது, கிளம்பிப் போறா. போய்ப் பாத்தா ஸ்டேஷனே பாழடைஞ்சு கிடக்கு, உள்ள ஒரு ஏலியன் சுத்துது. அத சாகடிக்க முடியாது. துப்பாக்கி கையில வந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. படத்த வச்சு எடுக்கிற கேம்னாலே கதவத் திறந்ததும் சுட்டுத் தள்ளுறதுதான்னு பழகியிருந்த எனக்கு இதுவே பெரிய விஷயமா இருந்துச்சு.

ஸ்டேஷனப் பாக்கவே ஆசையா இருக்கும். 1979ல உக்காந்துக்கிட்டு எதிர்காலத்த எப்படி நெனச்சிருப்பாங்களோ அப்படியே கட்டியிருக்காங்க, பச்ச எழுத்து ஓடுற குண்டு மானிட்டர், தட்டுனா டக்குனு சத்தம் வர்ற பட்டன், டேப் சுத்துற மெஷின். கேம எடுத்த கிரியேட்டிவ் அசெம்ப்ளி டீமுக்கு அந்தப் படத்தோட பழைய டிசைன், ஃபோட்டோ எல்லாம் குவியலா கிடைச்சிருக்கு, ஸ்க்ரீன்ல ஓடுற காட்சிகள நெஜமாவே பழைய விஹெச்எஸ் வீடியோ கேசட் டேப்ல பதிஞ்சு திரும்ப எடுத்துத்தான் அந்தக் கோடு விழுற எஃபெக்ட் கொண்டு வந்தாங்களாம். பாக்குறப்ப அந்த உழைப்பு தெரியுது.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. இது காதால விளையாட வேண்டிய கேம். அது புரியாமத்தான் மொத தடவ நாலு மாசம் மூட்ட கட்டி வச்சேன். டிவி ஸ்பீக்கர்ல விளையாடிட்டு இருந்தேன், கண்ண மட்டும் நம்புனேன், ஏலியன் திடீர்னு வந்து கொன்னுட்டே இருந்துச்சு, அநியாயமா இருக்கேன்னு தோணுச்சு. ஹெட்ஃபோன் மாட்டுன பிறகுதான் தெரிஞ்சது, அது எங்க இருக்குன்னு கேம் சொல்லிக்கிட்டேதான் இருக்கு. மேல வென்ட்டுக்குள்ள (காத்து போற தகரக் குழாய்) ஊர்ந்தா தகரம் அதிர்ற சத்தம், கீழ இறங்குனா தொம் தொம்னு காலடி, சந்தேகம் வந்தா ஒரு மாதிரி உறுமல், பாத்துட்டா வேற கத்தல். ஒரு வென்ட்ல இருந்து எச்சில் ஒழுகுதுன்னா அதுக்குக் கீழ போகவே கூடாது.

ஏலியனோட மூளைய ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க. மேல இருக்கிற ஒரு சிஸ்டத்துக்கு நாம எங்க இருக்கோம்னு எப்பவும் தெரியும், அது ஏலியனுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருன்னு சும்மா கோடி காட்டும், அவ்வளவுதான். ஏலியன் அதோட கண்ணு காத வச்சு அதுவாத்தான் கண்டுபிடிக்கணும். ஏலியன் ரொம்ப நேரம் நம்ம நெருக்கிட்டா அந்த சிஸ்டமே அத கொஞ்சம் விலகிப் போகச் சொல்லும். அதனாலதான் ஒரே இடத்த பத்து தடவ விளையாடுனாலும் பத்தும் வேற மாதிரி இருக்கு. எந்த ரூட்ல எப்ப வரும்னு மனப்பாடம் பண்ணவே முடியாது. ஒரே லாக்கர்ல திரும்பத் திரும்ப ஒளிஞ்சா லாக்கர் பக்கம் தேட ஆரம்பிக்கும், தீயக் கக்குற ஃப்ளேம்த்ரோயர காட்டுனா மொதல்ல தெறிச்சு ஓடும், போகப் போக அந்த பயம் கொறஞ்சிடும்.

சேவ் பண்றது பத்தி தனியா சொல்லணும். செவுத்துல ஒரு மெஷின் இருக்கும், தூரத்துலயே அதோட பீப் கேக்கும். கார்ட சொருகணும், லைட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒண்ணு ஒண்ணா எரியணும், அதுவரைக்கும் கேம் நிக்காது, பின்னாடி என்ன வருதுன்னு திரும்பிப் பாக்கவும் முடியாது. ஒரு தடவ நாப்பது நிமிஷம் உருண்டு பொரண்டு வந்து கார்ட சொருகிட்டேன், ரெண்டாவது லைட்டு எரியுறப்ப நெஞ்ச பொத்துக்கிட்டு வால் நுனி முன்னாடி வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஆனாலும் இந்த சேவ் முறைய மாத்திடக் கூடாதுன்னுதான் சொல்லுவேன், எங்க வேணா சேவ் பண்ணலாம்னு இருந்தா அந்த பீப் சத்தத்தக் கேட்டா வர்ற நிம்மதி இருக்காது.

பிஎஸ் 4 கேமரா இருந்தா ரூம்ல வர்ற சத்தத்தையே கேம் கேக்குற மாதிரி வைக்கலாம். எங்க மாமா பையன் வீட்ல கேமரா இருந்துச்சு, ஆன் பண்ணிட்டு லாக்கருக்குள்ள மூச்ச அடக்கிட்டு நிக்குறேன், ஏலியன் வெளிய மோந்து பாத்துட்டு நகரப் போகுது, சமையக்கட்டுல குக்கர் விசில் அடிச்சிருச்சு. அப்படியே திரும்பி கதவப் பிச்சிருச்சு. அத்த ஓடி வந்து யாருடா கத்துனதுன்னு கேட்டாங்க, ரெண்டு பேரும்தான் கத்தியிருந்தோம்.

இன்னொண்ணு மனசுல தங்குனது: துப்பாக்கி வச்சிருக்கிற ஆளுங்க வழிய மறிச்சு நின்னாங்க, சத்தம் போட்டு கவனத்த இழுக்கிற நாய்ஸ்மேக்கர அவங்க நடுவுல தூக்கிப் போட்டேன், மிச்சத்த ஏலியன் பாத்துக்கிச்சு. இருட்டுல உக்காந்து அந்தச் சத்தத்த முழுசா கேட்டேன். அவங்களும் பயந்துபோன சாதாரண ஜனங்கதான்னு அப்புறம்தான் உறைச்சது.

இப்ப கடுப்பு. பெரிய கொற நீளம். கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஓடுது. பத்தாவது மிஷன்ல, அதாவது பத்தாவது கட்டத்துல, ஏலியன ஒரு லேபுக்குள்ள வர வச்சு மாட்டி அப்படியே வெளிய தள்ளி விடுறோம், கத முடிஞ்ச மாதிரியே இருக்கும், அதுக்கு மேல இன்னும் எட்டு மிஷன் இருக்கு. உடனே வர்றது வொர்க்கிங் ஜோங்கிற ஆண்ட்ராய்டுங்க, மனுஷ உருவத்துல இருக்கிற ரோபோக்கள். மொதல்ல அதுங்க பயங்கரம்தான், வழவழன்னு ரப்பர் மூஞ்சி, அமைதியான குரல்ல மரியாதையா பேசிக்கிட்டே கழுத்த நெரிக்கும். ஆனா அதுங்க மெதுவா நடந்து வரும், எப்படி வரும்னு ஒரு மணி நேரத்துல புரிஞ்சிடும், அப்புறம் காதுக்கு வேலையே இல்ல, குண்டு எத்தன மிச்சம்னு எண்ற வேலதான். கடைசியில ஏலியன் கூடு வர்ற இடத்துலயும் அதே பிரச்சன, ஒண்ணா இருந்தப்ப இருந்த பயம் பலதா ஆனதும் கொறையுது. ஒரு ஆறு மணி நேரத்த வெட்டியிருந்தா இதுக்கு ஈடே இருந்திருக்காது.

மனுஷ கேரக்டருங்க மூஞ்சியிலயும் உயிர் பத்தல. அந்தப் பவர ஆன் பண்ணு, இந்தக் கார்ட எடுத்துட்டு வான்னு போன வழியிலயே திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்கிறதும் அலுப்பு.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு விளையாடுங்க, ஓடவே ஓடாதீங்க, சுத்தி எது அசையுதுன்னு காட்டுற மோஷன் ட்ராக்கர ஏலியன் பக்கத்துல இருக்கிறப்ப உள்ள வச்சிடுங்க, அந்த பீப் அதுக்கும் கேக்கும். லாக்கர விட மேசைக்கு அடியில இருக்கிறது நல்லது, நழுவி அடுத்த மேசைக்குப் போயிடலாம்.

நைட்மேர்ல ட்ராக்கரே கோளாறா ஓடுது, மேப்பும் கிடையாது. நேத்து ராத்திரி அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன், நாலு மாசம் என்ன நிறுத்தி வச்ச அதே வார்டு. ட்ராக்கர வெளிய எடுக்கவே இல்ல, கண்ண மூடிட்டு தகரச் சத்தம் எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேன். எடது பக்கம் போச்சு. வலது பக்கமா ஊர்ந்து போயி கார்ட சொருகினேன், மூணு லைட்டும் எரிஞ்சுச்சு.