பின்பக்க கேஸ் ஷாக்: ஓட்டம் அருமை, புஷ்தான் படுத்துகிறது

என் பைக்கின் பழைய ஷாக்கில் (குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) ஆயில் கசிந்து ராடு முழுக்கப் புழுதி அப்பிக்கிடந்தது, சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அதனால்தான் வாயு நிரப்பிய இந்த கேஸ் ஷாக் ஜோடியை வாங்கினேன்.

மாட்ட மெக்கானிக் தேவையில்லை. இரட்டை ஷாக் வண்டியென்றால் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்தை முழுதாக மாட்டி முடித்த பிறகுதான் மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும், அப்போதுதான் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் கீழே தொங்காது, போல்ட் துளைகளும் நேராகவே நிற்கும். ஒரே ஷாக் உள்ள மோனோஷாக் வண்டி வேறு கதை.

குறை எங்கே என்றால், போல்ட் நுழையும் ரப்பர் புஷ்ஷில். ஷாக்கின் மேல் கண்ணின் (போல்ட் மாட்டும் வளையம்) உள்குழாயில் பெயின்ட் படிந்திருந்ததால் போல்ட்டில் ஏறவே மாட்டேன் என்றது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் ரப்பர் கிழியும், எனவே எமரித் தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்துத் தேய்த்து, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவிய பிறகுதான் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்றும் ப்ரீலோடு வளையத்தைத் திருப்பும் கொக்கி ஸ்பேனரும் பெட்டியில் இல்லை. இந்த விலைக்கு அதைக்கூடவா வைக்க மாட்டார்கள்?

சரி, ஓட்டம்? வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஒரே அமுக்கு, உடனே நிலைக்கு வந்துவிடுகிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் அடிவாங்கவில்லை. தனியாக ஓட்டும்போது மட்டும் கொஞ்சம் விறைப்பு, ப்ரீலோடை இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் குறைத்ததும் பரவாயில்லை. வாங்கும் முன் பழையதன் கண்ணுக்குக் கண் நீளத்தை அளந்துவிடுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.