மாமல்லபுரத்தில் ஒரு மாதம்: ஒத்தவாடைத் தெருப் பக்கத்து வாடகை வீடு

மார்கழி நடுவில் தொடங்கித் தை நடுவரை, மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், மாடி அறையும் சிறு சமையற்கட்டும் கொண்ட வீட்டை 18,000 ரூபாய் வாடகைக்கு எடுத்துத் தங்கினேன். வீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இது அதிக விலை. ஆனாலும் அந்த ஒரு மாதத்தை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியே மிஞ்சுகிறது.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். உப்புக் காற்றில் சன்னல் கொக்கிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. கடல் தெரியும் என்று உரிமையாளர் சொன்னது இரண்டு விடுதிச் சுவர்களுக்கு நடுவே தெரிந்த ஒரு கீற்றைத்தான். சனி, ஞாயிறுகளில் தெருவின் இரைச்சல் நள்ளிரவு வரை ஓயாது.

இவற்றையெல்லாம் ஈடுசெய்தது இருப்பிடம். அர்ச்சுனன் தபசு என்னும் பாறைப் புடைப்புச் சிற்பத்துக்கு நடந்தே போய்விடலாம். சாலையோரத்துப் பாறை என்பதால், கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் வேண்டிய நுழைவுச்சீட்டு இதற்கு வேண்டியதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் போய் நிற்கலாம். ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் உச்சி வெயிலில் வந்து சேர்கிறார்கள். பாறையோ கிழக்கு நோக்கியது. தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழ, யானைக் குட்டிகளும், முன்கால்களைத் தூக்கித் தவமிருக்கும் பூனையும், அதைச் சுற்றியுள்ள எலிகளும் நிழலோடு புடைத்தெழுகின்றன. நான் அங்கே பல காலைகளைக் கழித்தேன். ஒவ்வொரு நாளும் முன்பு காணாத ஓர் உருவமாவது கண்ணில் பட்டது.

பல்லவர் காலத்துக் கலை அருங்காட்சியகப் பொருளாகிவிடாமல் இன்றும் பிழைப்புத் தொழிலாக நடப்பதுதான் இவ்வூரில் குடியிருப்பதன் பெரும்பேறு. ஐந்து ரதம் போகும் சாலையெங்கும் சிற்பக் கூடங்கள். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் இங்கேதான். இவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒரு கூடத்தில் மாலைதோறும் உட்கார்ந்திருக்க இடம் கொடுத்தார்கள். தட்டினால் மணியோசை எழுப்பும் கல்லை ஆண் கல் என்று வகைப்படுத்தும் மரபை, வயது முதிர்ந்த சிற்பி ஒருவர் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காட்டியே விளக்கினார். கல்லை முதலில் தோராயமாக வெட்டும் பருவெட்டு வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. அந்தத் தூசி நெஞ்சை அடைக்கும், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் சற்றுத் தள்ளி வீடு பார்ப்பது நல்லது. முகத்துக்கும் விரல்களுக்கும் வரும்போது உளிதான்.

மற்றபடி, பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. தலசயனப் பெருமாள் பாம்பணையின்றித் தரையிலேயே பள்ளிகொண்டிருக்கும் கோயில் ஊர் நடுவில் இருக்கிறது. விடியலில் மீனவர் குப்பத்துக் கரைக்குப் போனால் படகிலிருந்து இறங்கும் சங்கராவும் நெத்திலியும் அங்கேயே விலைக்குக் கிடைக்கும். தை பிறந்தால் பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் என்பதால், இரவில் கடற்கரைக்குப் போகிறவர்கள் கைவிளக்கை அணைத்து நடக்க வேண்டும்.

வாடகை பேசும்போது குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். மாடியில் ஏறி நின்று கடல் எவ்வளவு தெரிகிறது என்பதையும் நீங்களே பாருங்கள். அடுத்த மார்கழிக்கும் இதே அறையைக் கேட்டு வைத்திருக்கிறேன், சன்னல் கொக்கிகளை மாற்றித் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.